செகண்ட் ஹேண்ட் காரில் ஊறிப்போன சிகரெட் வாடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் ஒன்றை வாங்கிய பிறகு அதில் ஊறியிருந்த சிகரெட் வாடையோடு நான் மூன்று மாதம் போராடினேன். பார்க்கப் போன அன்று எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருந்தது, டேஷ்போர்டில் ஒரு சென்ட் பாட்டில் இருந்தது, வண்டி மணமாகவே இருந்தது. சென்ட் தீர்ந்த வாரம்தான் உண்மை தெரிந்தது. பின் சீட்டில் உட்கார்ந்த என் மகள் பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது என்றாள். முதல் இரண்டு மாதமும் வாடையை மூடி மறைக்கிற பொருட்களை வாங்கியே வீணாகிவிட்டன. மூன்றாவது மாதம் வரிசையாக ஒவ்வொரு இடமாகக் கழுவினேன், அதில்தான் போனது. இதே தொல்லையோடு வந்த நண்பர்களும் உறவினர்களும் அப்புறம் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை.

இந்த வண்டியில் யாரும் சிகரெட் பிடித்து ஒரு வருடம் ஆகிறது. கண்ணாடியைத் திறந்துவைத்தே ஓட்டுகிறேன். ஆனாலும் வாடை ஏன் போகவில்லை?

வாடை காற்றில் இல்லை, அதனால்தான். சிகரெட் புகை வெறும் ஆவி கிடையாது. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான நுண்ணிய துகள்களும் துளிகளும் அதில் இருக்கின்றன. தார், நிகோடின், அதோடு ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். மூடிய வண்டிக்குள் அந்தப் புகை எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் படிகிற எண்ணெய்ப் பிசுக்கை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே மாதிரிதான். துணி, பஞ்சு, ரப்பர் எல்லாம் அதை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கண்ணாடியைத் திறந்தால் அந்த நேரத்துக் காற்று மாறும், அவ்வளவுதான். மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் படிவிலிருந்து புதிதாகக் கிளம்பியிருக்கும்.

வெயிலில் நிறுத்திய காரில் ஏறியதும் நெடி முகத்தில் அடிப்பதற்கும் இதுதான் காரணம். சூடு ஏற ஏற ஒட்டியிருப்பது வேகமாக ஆவியாகிறது.

வெறும் வாடைதானே? உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

வெறும் வாடை இல்லை. இப்படிப் பரப்புகளில் தங்கிவிடும் எச்சத்தை ஆய்வாளர்கள் மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். புகைப்பவர் இழுப்பது முதல் நிலை, பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் நிலை. 2010-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், படிந்த நிகோடின் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன்கள் என்ற சேர்மங்களாக மாறுகிறது என்று காட்டினார்கள். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. புகைப்பவர் ஒருவரின் வாகனத்துக்குள்ளேயும் அவர்கள் அதை அளந்து பார்த்தார்கள்.

ஒருநாள் அப்படிப்பட்ட காரில் போனதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் குழந்தைகள் சீட்டைத் தொட்ட கையை வாயில் வைப்பார்கள், சீட் பெல்ட்டைச் சப்புவார்கள், தினமும் அதே சீட்டில் தூங்குவார்கள். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. இன்னொன்று, நிகோடின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கழுவும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல கார் சென்ட் வாங்கி வைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. இரண்டு வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது தனி சிகரெட் வாடையைவிட மோசம். அதைவிடப் பெரிய சிக்கல், மூக்கு பழகிவிடுவது. பத்து பதினைந்து நிமிடத்தில் நம் மூக்கு அந்த வாசனையைக் கவனிப்பதை நிறுத்திவிடும், நாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், அடுத்து ஏறுகிறவர் முகத்தைச் சுளிப்பார். கழுவி முடிக்கும்வரை வண்டிக்குள் எந்த மணமும் வைக்காதீர்கள். எது போயிருக்கிறது, எது இன்னும் இருக்கிறது என்று தெரிய மூக்கு மட்டும்தான் கருவி.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் காலி செய்யுங்கள். சாம்பல் கிண்ணம் இருந்தால் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். அது இருந்த குழியைத் துடையுங்கள். கால் மிதியடிகள், சீட் கவர், தலையணை, டிக்கியில் கிடக்கிற பழைய துணி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். துணி சீட் கவர் பழையதாக இருந்தால் தூக்கிப் போடுங்கள், கழுவி மீட்கிற அளவுக்கு அது மதிப்பில்லை. அப்புறம் வேக்குவம். சீட் தண்டவாளத்துக்கு உள்ளே, சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையில் இருக்கிற இடுக்கில், கதவுப் பைகளில், ஸ்பேர் டயர் குழியில் சாம்பலும் சிகரெட் துண்டும் இருக்கும். என் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் மட்டும் ஆறு துண்டு கிடைத்தது.

அதன்பிறகு மேலிருந்து கீழ். கூரை, கண்ணாடி, பக்கத் தூண்கள், டேஷ்போர்டு, கதவு, சீட், கடைசியாகத் தரை. மேலே துடைக்கும்போது அழுக்குத் தண்ணீர் கீழே சொட்டும், அதனால்தான் இந்த வரிசை.

கூரையை எல்லாரும் சொல்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

மொத்த வண்டியிலும் அதுதான் முக்கியம், பெரும்பாலானவர்கள் தொடாமல் விடுவதும் அதைத்தான். சூடான புகை நேராக மேலே போகிறது, டிரைவர் தலைக்கு மேல் இருக்கிற துணியில்தான் முதலில் முட்டுகிறது. சீட்டையும் தரையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வாடை போகவில்லை என்கிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, மேலே கழுவினீர்களா என்பதுதான்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. கூரை உறை என்பது ஒரு அட்டையின் மேல் மெல்லிய பஞ்சு, அதன் மேல் துணி, எல்லாம் பசையால் ஒட்டியது. தண்ணீர் அதிகமானால் பசை விட்டுவிடும், துணி தொங்கும், பிறகு மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதனால் கூரையில் நேராக எதையும் பீய்ச்சாதீர்கள். துணி சீட்டுக்கான ஷாம்பு நுரையை ஒரு மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, இரண்டடி இரண்டடியாக, ஒரே திசையில் மெதுவாக ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். துணி பழுப்பாக வரும், வேறு துணி எடுங்கள், மறுபடியும். ஒரு சுற்று முடிந்ததும் முழுதாகக் காயவிட்டு மறுநாள் இரண்டாவது சுற்று. எனக்கு மூன்று சுற்று ஆனது. சூரிய ஒளித் தடுப்புப் பலகைகளையும் மேல் விளக்கைச் சுற்றிய இடத்தையும் கைப்பிடிகளையும் விட்டுவிடாதீர்கள்.

நீராவி மெஷின் வைத்திருந்தால் பிளாஸ்டிக்குக்கும் தரைக்கும் நன்றாக வேலை செய்யும், சூடு தாரை இளக்கிவிடும். கூரைக்கு வேண்டாம், அதே பசைதான் காரணம்.

கண்ணாடியில் வாடை இருக்குமா என்ன?

இருக்கும். முன் கண்ணாடியின் உள்பக்கம் இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் பனிப்படலம் மாதிரி மங்கலாகத் தெரிகிறதா? அது நிகோடினும் தாரும் படிந்த படலமாக இருக்கலாம். 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், பிறகு வெறும் தண்ணீர், பிறகு காய்ந்த துணி. முதல் துடைப்பில் துணி மஞ்சளாகிவிடும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அதன் ஆவியும் நல்லதில்லை, கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனரைத் தொடாதீர்கள், ஃபிலிம் கெட்டுவிடும். டேஷ்போர்டில் இருக்கிற தொடுதிரைக்கும் அமோனியா ஆகாது.

துணி சீட்டையும் கார்பெட்டையும் எப்படிக் கழுவுவது?

இங்கே வேலை முழுக்க ஷாம்பு போட்டு உறிஞ்சி எடுப்பதில் இருக்கிறது. உறிஞ்சி எடுக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். வெந்நீரும் ஷாம்பும் உள்ளே போய் அழுக்கோடு திரும்பி வர வேண்டும். தொட்டியில் வருகிற தண்ணீர் முதலில் தேநீர் நிறத்தில் இருக்கும், வெளுக்கும்வரை விடாதீர்கள். மெஷின் இல்லையென்றால் பிரஷ்ஷால் நுரையைத் தேய்த்து, ஈரத் துணியால் பல முறை ஒற்றி எடுக்கலாம், நேரம் ஆகும்.

இதில் மூன்று எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் வயர்களும் ஏர்பேக் இணைப்புகளும் போகின்றன, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருப்பவை ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றின் மேல் தண்ணீர் விடாதீர்கள், பிடுங்கவும் செய்யாதீர்கள். இரண்டாவது, பஞ்சு ஊறிப்போகிற அளவுக்கு நனைக்காதீர்கள். மூன்றாவது, கழுவிய அன்றே முழுவதும் காய வேண்டும், காலையிலேயே ஆரம்பித்துக் கதவுகளைத் திறந்துபோட்டு ஃபேன் வையுங்கள். ஈரம் தங்கினால் சிகரெட் வாடை போய்ப் பூஞ்சை வாடை வந்து உட்காரும், அதை விரட்டுவது இன்னும் கஷ்டம்.

தோல் சீட்டாக இருந்தால்?

தோலுக்கென்று விற்கிற காரத்தன்மை இல்லாத க்ளீனர், மென்மையான பிரஷ், தையல் ஓரங்களில் கூடுதல் கவனம், கடைசியில் கண்டிஷனர். ஆல்கஹால், வினிகர், ப்ளீச் எதுவும் வேண்டாம், தோல் வறண்டு வெடிக்கும். சிறு சிறு துளைகளோடு வருகிற தோல் சீட்டில் பிரஷ்ஷை ஈரமாக வைத்துக்கொண்டால் போதும், நுரை கீழே பஞ்சுக்குள் இறங்கக் கூடாது.

சீட் பெல்ட்டைக் கழுவ முடியுமா?

முடியும், கட்டாயம் கழுவுங்கள், முகத்துக்கு மிக அருகில் இருக்கிற துணி அதுதான். பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, உள்ளே போகாதபடி மேலே ஒரு கிளிப்பால் பிடித்துவையுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு நார் போகிற திசையிலேயே தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, இரவு முழுக்கக் கிளிப்போடு காயவிட வேண்டும். ஈரத்தோடு சுருண்டு உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும். ப்ளீச்சும் கடுமையான இரசாயனமும் நாரைப் பலவீனமாக்கும், உயிர் காக்கிற பொருள் அது, அதில் சோதனை செய்யாதீர்கள்.

எல்லாம் கழுவிவிட்டேன். ஏசி போட்டால் மட்டும் வாடை வருகிறது.

அப்படியானால் வாடை ஏசிக்குள் இருக்கிறது. புகைப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்காற்றே திரும்பச் சுற்றும் முறையில் ஏசியை வைத்துப் பிடித்திருந்தால், ஒவ்வொரு இழுப்பின் புகையும் அந்தப் பாதை வழியாகப் பல முறை போய் வந்திருக்கும்.

முதலில் கேபின் ஃபில்டர். பல வண்டிகளில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கருவியே இல்லாமல் கழற்றலாம். வண்டியோடு வந்த கையேட்டில் இடம் போட்டிருப்பார்கள். சில பழைய வண்டிகளில் ஃபில்டரே கிடையாது. இருந்தால் பழையதைக் கழுவிப் போடும் யோசனை வேண்டாம், புதிது மாற்றுங்கள், கரி பூசிய வகை கிடைத்தால் அதுவே நல்லது. ஒரு விஷயம், மற்ற எல்லாவற்றையும் கழுவி முடித்த பிறகு கடைசியாகப் புது ஃபில்டரைப் போடுங்கள். நான் முதல் நாளே போட்டேன், ஒரு மாதத்தில் அதுவும் நாறியது.

அப்புறம் எவாபரேட்டர். காற்றைக் குளிர்விக்கிற, நெருக்கமான அலுமினியத் தகடுகள் கொண்ட பகுதி அது. எப்போதும் ஈரமாக இருப்பதால் தாரும் தூசியும் அதில் நன்றாக ஒட்டும். அதற்கென்று நுரை க்ளீனர் டப்பாவில் வருகிறது. ஃபில்டரைக் கழற்றிய இடம் வழியாகவோ, வண்டிக்கு அடியில் ஏசி தண்ணீர் சொட்டுகிற குழாய் வழியாகவோ நுரையை உள்ளே விட்டு, டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்தால் நுரை கரைந்து அழுக்கோடு அதே குழாய் வழியாகக் கீழே வடியும். பிறகு கண்ணாடிகளைத் திறந்துவைத்து, ஃபேனை முழு வேகத்தில், வெளிக்காற்று முறையில் 15 நிமிடம் ஓட்டுங்கள். குழாய் அடைத்திருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் காலடிக் கார்பெட்டில் இறங்கும்.

வினிகர், சமையல் சோடா, காபித்தூள், கரி: இதில் எது உண்மையிலேயே வேலை செய்யும்?

வினிகருக்கு அடிப்படை உண்டு. நிகோடின் காரத்தன்மை உடையது, வினிகர் மெல்லிய அமிலம். இரண்டும் சேர்ந்தால் நிகோடின் ஆவியாகாத, தண்ணீரில் எளிதாகக் கரைகிற உப்பாகிறது, துடைத்தால் வந்துவிடும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பிளாஸ்டிக்கையும் துணியையும் துடைக்கலாம். ஆனால் தார் எண்ணெய்ப் பசை, அதை வினிகர் எடுக்காது. அதனால் முதலில் சோப்பு, பிறகு வினிகர். வினிகரையும் ப்ளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும், மூடிய வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து.

சமையல் சோடா கார்பெட்டுக்கு ஓரளவு உதவும். காய்ந்த கார்பெட்டில் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் செய்யுங்கள். சீட் தண்டவாளத்துக்குள்ளும் ஏசி துவாரத்திலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரிப் பை காற்றில் இருப்பதைத்தான் பிடிக்கும், படிவைத் தொடாது. கழுவிய பிறகு மிச்சமிருக்கிற லேசான வாடைக்கு வைத்தால் பலன் தெரியும். காபித்தூள் இன்னொரு சென்ட், அவ்வளவுதான்.

ஓசோன் மெஷின் போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார்களே?

கழுவாத வண்டியில் ஓசோன் போட்டால் பணம் வீண். ஓசோன் மேற்பரப்பில் இருப்பதோடும் காற்றில் இருப்பதோடும் வினைபுரியும், பஞ்சுக்குள்ளே ஆழமாக இருக்கிற தாரை எட்டாது, சில வாரத்தில் வாடை திரும்பும். அதோடு நிகோடினும் ஓசோனும் வினைபுரியும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சல் தருகிற பொருட்களும் உண்டாகின்றன. கழுவி, காய்ந்து, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றால் கடைசிக் கட்டமாகச் செய்யலாம்.

ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு. அமெரிக்கத் தொழிலிட விதிப்படி 8 மணி நேரச் சராசரி, காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மெஷின் ஓடுகிற வண்டிக்குள் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். மனிதர், பிராணி யாரும் உள்ளே இருக்கக் கூடாது, வீட்டோடு ஒட்டிய கராஜில் செய்யக் கூடாது. நீண்ட நேரம் ஓட்டினால் கதவோரத்து ரப்பர் பட்டை (பீடிங்) வெடிக்கும், துணி வெளுக்கும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேவையானால் இன்னொரு முறை ஓட்டுவது நல்லது. முடிந்ததும் எல்லாக் கதவையும் திறந்து இரண்டு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆஸ்துமா இருந்தால் இதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

எவ்வளவு நேரம் ஆகும்?

எப்போதாவது பிடித்த வண்டி என்றால் ஒரு சனி, ஞாயிறு போதும். பத்து வருடம் தினமும் பிடித்த வண்டிக்கு மூன்று, நான்கு வார இறுதிகள் ஒதுக்குங்கள்.

எல்லாம் செய்தும் போகாவிட்டால்?

விட்டுப்போன இடங்களைத் தேடுங்கள். மூக்கை நேரடியாக ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். கதவு மூடுகிற இடத்தில் இருக்கிற ரப்பர் பீடிங், ஸ்டீயரிங் பின்பக்கம், கியர் கம்பியைச் சுற்றிய உறை, தலை சாய்க்கும் பகுதியின் கீழ்ப்புறம், டிக்கியின் பக்கவாட்டுத் துணி. டிக்கியின் ஓரத்தில் பல வண்டிகளுக்கு உள்காற்று வெளியேறும் திறப்புகள் உண்டு, உள்ளே புகைத்த புகை அந்த வழியாகத்தான் வெளியே போயிருக்கும், அங்கே இருக்கிற துணியிலும் பஞ்சிலும் நன்றாகப் படிந்திருக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாற்றுவதுதான் வழி. முதலில் கூரை உறை, அடுத்து டிரைவர் சீட்டின் பஞ்சும் துணியும். ஏர்பேக் உள்ள சீட்டை நீங்களே பிரிக்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

முன்னால் வைத்திருந்தவர் வேப் (இ-சிகரெட்) பிடித்தவர். அதுவும் இதேதானா?

அதில் எரிப்பு இல்லாததால் தார் இல்லை, வேலை பாதிதான். ஆனால் அதன் திரவத்தில் இருக்கிற கிளிசரின், புரொபிலீன் கிளைக்கால் கண்ணாடியில் வழுவழுப்பான படலமாக ஒட்டும், நிகோடினும் இருக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக், ஃபில்டர், கூரை இவற்றைச் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

இன்னும் வாங்கவில்லை. வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, வெயிலில் அரை மணி நேரம் நிற்கவைக்கச் சொல்லுங்கள், பிறகு கதவைத் திறந்ததும் வருகிற முதல் மூச்சை நம்புங்கள். அடுத்து ஏசியை உள்காற்று முறையில் போட்டு முதல் ஒரு நிமிடம் கவனியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் முன் கண்ணாடியின் மேல் ஓரத்தையும் டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக்கையும் துடைத்துப் பாருங்கள், மஞ்சளாக வந்தால் கேள்வி கேளுங்கள். சீட்டிலும் கதவுத் துணியிலும் சிறிய வட்டமான தீக்காயம் இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, எப்போதும் உள்ளே சுருண்டிருக்கிற பகுதியை முகர்ந்து பாருங்கள். சென்ட் அடித்தவர்கள் அதுவரை போயிருக்க மாட்டார்கள். மூன்று சென்ட் பாட்டில் தொங்குகிற வண்டியில் இந்தச் சோதனைகள் ஒன்றையும் விடாதீர்கள்.

விற்கிறவர் வாடையே இல்லை என்று சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவர் மூக்குக்குப் பல வருடம் முன்பே பழகிவிட்டது. சிகரெட் பிடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முழுவதும் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

கழுவி முடித்து ஒரு வாரம் கழித்து, எந்த மணமும் வைக்காமல், வண்டியை மூடி ஒரு முழு நாள் வெயிலில் விடுங்கள். மாலையில் அந்த வண்டியில் அதுவரை ஏறாத ஒருவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள், எதைப் பற்றிய சோதனை என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். நான் என் அக்காவைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், எங்கே போகிறோம் என்று கேட்டார்.